தொட்டியில் ஒரு கட்டை

“தொட்டியில எனக்கும் ஒரு கட்டை போடுங்க.”

கேட்டுவிட்டேன். எது வேண்டுமானாலும் கேள், கட்டை மட்டும் கேட்காதே என்று எனக்குப் பல் முளைத்த காலத்திலிருந்து அம்மா சொல்லிவந்தாள். அதைத்தான், ஊர் ஆண்கள் மொத்தமும் உட்கார்ந்திருந்த சங்கக் கட்டடத்தின் நடுவில் நின்று, தொண்டையைக்கூடக் கனைக்காமல் கேட்டுவிட்டேன்.

எங்கள் சங்கக் கட்டடம் ஏரிக்கரையை ஒட்டியது. மார்கழி வெயில் தண்ணீரில் பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே ஏறி, கூரையில் வலைக்கண் வலைக்கண்ணாக அசைந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஊர்ந்தது. நாங்கள் அத்தனை பேரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோலவும், நான் சொன்னது குமிழியாக மேலே போய் இன்னும் உடையாமல் நிற்பதுபோலவும் இருந்தது.

கோதண்டம் மாமாதான் முதலில் அசைந்தார். ஊர்த் தலைவரும் அவர்தான், வீட்டு வசதிச் சங்கத் தலைவரும் அவர்தான். கையிலிருந்த ஈரக் கட்டையை வேட்டியில் துடைத்தார். அது லோகேஷ் என்கிற பையனின் கட்டை. அப்போதுதான் தொட்டியிலிருந்து எடுத்திருந்தார்.

“இன்னாம்மா சொன்ன?”

“உங்க காதுல உழுந்துது மாமா.”

கட்டையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. சங்குத்திட்டு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மண். எங்கே போவதென்றாலும் படகு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஓரிடத்தில் வலை கட்டினால் இறால் கொட்டும். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பாசிதான் வரும். அதனால் எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு மிதவைக் கட்டை உண்டு. அதில் அவனவன் குறி செதுக்கியிருக்கும். துடுப்பு, நண்டு, மீன் முள். நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுடையது பிறை. கட்டைகளையெல்லாம் சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் போட்டு, தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்த வரிசைதான் முறை. தலைவருக்கு மச்சானாக இருந்தாலும் சரி, ஓட்டைப் படகு வைத்திருப்பவனாக இருந்தாலும் சரி, கட்டை சொன்னதுதான். தண்ணீருக்காக எங்கள் ஊரில் வெட்டுக்குத்து நடந்ததில்லை. நல்ல வழக்கம். நான் கோபக்காரிதான், அதற்காக நல்லதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு. எங்கள் ஆட்களுக்குப் பங்கு பிரிக்க இந்த ஒரு வழிதான் தெரியும். ஊருக்குள் எது வந்தாலும் தொட்டியில் போட்டுவிடுவார்கள். புயலுக்கு வந்த தார்ப்பாய் தொட்டிக்குப் போனது. பெண்களுக்கென்று வந்த தையல் மெஷினும் தொட்டிக்குப் போனது. அது உலகநாதன் அண்ணன் கட்டைக்கு விழுந்தது. அவர் இன்றைக்கும் அதன் பலகைமேல் உட்கார்ந்துதான் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போடுகிறார்.

இந்த முறை வந்தது ஒரு பயிற்சி.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள் எங்களுடையவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம். உப்புக்காற்று சுவருக்குள் போய்க் கம்பியைத் தின்கிறது. துருப்பிடித்த கம்பி வீங்கிக் காரையைத் தள்ளுகிறது. கூரை செதில் செதிலாக உதிர்கிறது. எங்கள் வீட்டில் அம்மா சோற்றிலிருந்து முள் பொறுக்குவது மாதிரி காரை பொறுக்குவாள். மதியம் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால், வெள்ளையடித்த கூரையில் துருக்கோடுகள் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரியும். ஏதோ ஒரு பெரிய மீனின் வயிற்றுக்குள் குடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். மீன் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தச் சங்கத்தின் ஒரே ஊழியர் நான். மோகனப்பிரியா, பி.காம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி. படகும் பஸ்ஸும் மாறி மாறிப் பொன்னேரி காலேஜுக்குப் போனவள். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். மீன் வாசனையாம். நல்லதாகப் போயிற்று என்று பையை வைத்துக்கொண்டு படித்தேன்.

வீட்டு வசதிச் சங்கங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசாங்கம் நிதி ஒதுக்கியது. சென்னையில் தங்கிப் படிக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு எல்லாமே அந்த நிதியில். உப்பு தின்ற சுவரைத் தட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தட்டி எடுப்பது, எதைப் பூசுவது, பழுது பார்க்கும் மானியத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லித்தருவார்கள். சங்கத்துக்கு ஓர் இடம். பயிற்சி முடித்த ஊழியர் இருக்கிற சங்கத்துக்குத்தான் மானியம்.

அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கனவு. ஏரி அலையில்லாமல் கிடக்கிறது. எங்கள் தெரு வீடுகள் ஒவ்வொன்றாக அஸ்திவாரத்தை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்குகின்றன. யாருக்கும் பயமில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தபடியே மிதந்து போகிறாள். நைனா மொட்டைமாடியில் நின்று துடுப்புப் போடுகிறார். நான் வீடு வீடாக நீந்திப் போய்ச் சுவரில் காதை வைத்துத் தட்டுகிறேன். சில வீடு ‘டொக்’ என்கிறது, சில வீடு ‘பொத்’ என்கிறது. அவை என்ன சொல்கின்றன என்று எனக்குப் புரிகிறது. விழித்ததும் மறந்துவிடும். விரல் முட்டி மட்டும் வலிக்கும்.

கோதண்டம் மாமாவிடம் சொன்னபோது சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டார்.

“ஒரு எடம் வந்துகீதா? அப்போ தொட்டியைக் கழுவி வெய்யி.”

“மாமா, அது ஊழியருக்கு வந்தது. ஊழியர் நான்தான்.”

“சங்கம் யாருது? ஊருது. அப்போ வந்தது யாருக்கு? ஊருக்கு. எல்லாருக்கும் ஒரே நியாயம்தாம்மா.”

அன்று சாயங்காலமே தெய்வநாயகி மேடம் போன் செய்தார். மீஞ்சூர் பக்கம் கம்பெனித் தொழிலாளர்கள் நடத்துகிற ஒரு வீட்டு வசதிச் சங்கத்தின் செயலாளர். சங்கங்களுக்கான ஒரு கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம்.

“எங்க எழுத்தர் கல்யாணமாகிப் போய்ட்டாம்மா. நீ வர்றியா? வந்தா எங்க சங்கத்து எடத்துல உன்னையே அனுப்பறேன்.”

“எங்க ஊரு பேருலயே போவணும்னு ஆசை மேடம்.”

சிரித்தார். “ஆசைப்படு. ஆனா உங்க கூட்டம் நடக்கிற அன்னிக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. ரொம்ப நாள் காலியா வெச்சிருக்க முடியாது.”

இன்றைக்குக் கூட்டம். கட்டைகள் தொட்டியில் ஒன்றையொன்று மெல்ல முட்டிக்கொண்டு மிதந்தன. கோதண்டம் மாமா கண்ணை மூடிக் கையை விட்டார். நண்டு வந்தது. லோகேஷ் என்னைவிடச் சின்னவன். போன ஆவணியில் கல்யாணமாகிக் கட்டை வாங்கினவன். சுவர் என்பது சாய்ந்துகொள்ள என்று மட்டும் தெரிந்தவன். அவன் திருதிருவென்று முழித்ததைப் பார்த்ததும்தான் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“பொம்பளைக்குக் கட்டையா?” என்று பின்வரிசையிலிருந்து உலகநாதன் அண்ணன் குரல் கொடுத்தார். “இன்னா குறி செதுக்கப் போற? லிப்ஸ்டிக்கா?”

சிரித்தார்கள்.

“தையல் மெஷின் செதுக்கறேண்ணா. பாத்துக்கினே இருந்தாதான் அது உக்கார்ற மணை இல்லன்னு உங்களுக்குப் புரியும்.”

அதற்கும் சிரித்தார்கள், முதல் சிரிப்பைவிடச் சத்தமாக. கோதண்டம் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

“பிரியா, இன்னிக்கு டிரெயினிங்குக்குக் கட்டை கேப்ப. நாளைக்குத் தண்ணியில எடம் கேப்ப.”

“கேப்பேன் மாமா. எங்கம்மா இடுப்பளவு தண்ணியில கூடையைப் பல்லுல கடிச்சிக்கினு, கையால தடவித் தடவி எறா புடிக்கிறாங்க. எல்லா வூட்டுப் பொம்பளையும்தான் புடிக்கிறாங்க. எறங்க வுடுவீங்க, வலை கட்ட எடம் மட்டும் குடுக்க மாட்டீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது.

பெண்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்கள். ஊழியர் என்பதால் நான் மட்டும் உள்ளே. கம்பிகளுக்கு நடுவில் அம்மாவின் முகம் தெரிந்தது. உதடு ‘வேணாம்’ என்றது. அவள் பயம் எனக்குத் தெரியும். அம்மாவின் அக்கா, தேவகி பெரியம்மா, புருஷன் கடலோடு போன பிறகு அவர் கட்டை தொட்டியிலேயே கிடக்கட்டும், என் தம்பியை வைத்து வலை கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள். அவளை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து எந்தப் படகும் அவளுக்காக நிற்கவில்லை, அவ்வளவுதான். கரையில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருப்பாளாம். படகுகள் கனவில் போவது மாதிரி சத்தமில்லாமல் அவளைக் கடந்து போகுமாம். ஒருநாள் அவளைக் காணவில்லை. வத்த நேரத்தில், தண்ணீர் இறங்கி மணல்மேடு தெரியும்போது, ஏரியில் நடந்தே அக்கரை போய்விட்டாள் என்பாள் அம்மா. திருப்பாலைவனத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள். அது அவளாகவே இருக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

“சரி, பேசிட்ட. வுடு,” என்றார் கோதண்டம் மாமா. குரலில் கோபமே இல்லை. “லோகேஷு நம்ம சங்கத்துல வேலை செய்றான்னு எழுதிக் குடு. போன வருசத்துலருந்து செய்றான்னு போடு. எழுதறவ நீதானே.”

“பொய் எழுத மாட்டேன்.”

“ஊருக்காகம்மா.”

“ஊரு கூரை தலையில உழும்போது இவன் வந்து கட்டையைக் காட்டுவானா? காட்டினா கூரை நின்னுடுமா?”

லோகேஷ் எழுந்தே விட்டான். “அக்கா, என்னை ஏன்க்கா இழுக்கற? மெய்யாலுமே எனக்கு வேணாம். எறா ஓடற நேரத்துல மெட்ராஸ்ல போய் செவுத்தைத் தட்டிக்கினு குந்தச் சொல்றாங்க. வூட்ல அவ வேற அழுவறா. மாமா, என் முறையை அக்காவுக்கே குடுத்துடறேன், ஆளை வுடுங்க.”

“கட்டைக்குக் கட்டைதான்டா மாத்திக்கலாம். ஆளுக்குக் குடுக்க முடியாது.”

“அப்போ என் கட்டைக்குக் குடு.”

நைனா. தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றிருந்தார். என் நைனா தசரதன் கூட்டத்தில் வாயைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. இரண்டு கையிலும் எதையோ ஏந்துவது மாதிரி வைத்துக்கொண்டு பேசினார்.

“லோகேஷு என் எறா முறையை எடுத்துக்கட்டும். அவனுக்கு உழுந்ததை நான் எடுத்துக்கறேன். என் கட்டைக்கு என் பொண்ணு போவட்டும்.”

அறை முழுக்க ஒரு மூச்சு விட்டது. எனக்கு மட்டும் அது நிம்மதியாக இல்லை. இந்தப் பருவத்தில் நைனாவின் முறை முகத்துவாரத்தை ஒட்டி விழுந்திருந்தது. கடலும் ஏரியும் கலக்கிற இடம். கிடைக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த இடம். கிடைத்த அன்று சாயங்காலம், கொடியில் காயும் வலையை ஒன்றும் பேசாமல் தடவிக்கொண்டே நின்றிருந்தார்.

கோதண்டம் மாமா முதல்முறையாகச் சிரித்தார். “இது பேச்சு. வழக்கமும் தப்பல, பொண்ணும் போவுது. தசரதா, ஒன் மனசு யாருக்கு வரும்!” யாரோ டீ சொல்லச் சொன்னார்கள். யாரோ என் முதுகில் தட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் சேற்றுத்திட்டில் பூநாரைகள் ஒன்றாக எழும்பி, காற்றில் பிடித்த சிவப்புச் சேலை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கின. அம்மாவின் தலை மேலும் கீழும் அசைந்தது. ஒத்துக்கோடி, ஒத்துக்கோ.

நைனா தொட்டியிலிருந்து பிறைக் கட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். ஈரமாக, லேசாக இருந்தது. கனவில் கேட்டதெல்லாம் கிடைக்கும்போது உடம்புக்கு எடையில்லாமல் போகுமே, அப்படி இருந்தது. கூரை வெளிச்சம் எங்கள்மேல் அசைந்தது. தலையாட்டினால் போதும். நாளைக்கே போகலாம். ‘டொக்’ என்பதும் ‘பொத்’ என்பதும் இனி மறக்காது. எங்கள் வீட்டுக் கூரையை நானே நிமிர்த்துவேன். கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பிறையின் முனை நைனா விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது.

“படிச்சிட்டு வந்தப்பறம் இன்னா மாமா?” என்றேன்.

“வந்தப்பறம் இன்னா? ரிப்பேர் வேலையெல்லாம் நீ பாரு.”

“எப்பவுமேவா?”

“பாடுன்னா சுத்தி வர்றதுதானே. அடுத்த வருசம் அந்த வேலையைத் தொட்டியில போடுவோம். யாருக்கு உழுவுதோ அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நீ ஒதுங்கிக்க. திரும்ப ஒங்க நைனா கட்டை வந்தா நீ பாரு.”

“நைனாவுக்கு அப்பறம்?”

எல்லாருக்கும் தெரியும். மகன் இருந்தால் கட்டை மகனுக்குப் போகும். இல்லாவிட்டால் ஆளோடு சேர்ந்து அதுவும் நெருப்புக்குப் போகும். நைனாவுக்கு நான் ஒருத்திதான்.

“கேட்டது கெடச்சிதில்ல? அப்பறம் இன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு?” என்றார் உலகநாதன் அண்ணன்.

“நான் கேட்டது என் கட்டை. நீங்க குடுத்தது எங்க நைனாவோட தண்ணி.”

தொட்டியருகே போனேன். கட்டையைத் தண்ணீரில் விட்டேன். ஒருமுறை அமுங்கி, புரண்டு, பிறை மேலே தெரிய மிதந்தது.

“நைனா, அது உன் முறை. நாளைக்குப் போய் வலை கட்டு. யாருக்கும் குடுக்காத.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “மீஞ்சூர்க்காரம்மா கூப்ட்டாங்களா?” என்றுதான் கேட்டார். எப்போது என் போன் பேச்சைக் கேட்டாரோ.

“ஆமா நைனா.”

தலையை மட்டும் ஆட்டினார்.

சங்கத்துச் சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். தெய்வநாயகி மேடத்துக்கு ‘வர்றேன் மேடம்’ என்று அங்கேயே நின்று போனில் அனுப்பினேன்.

“சாவியை வெச்சிட்டா?” கோதண்டம் மாமா குரல் இப்போதுதான் ஏறியது. “மானியம்? அந்த எடம்?”

“ஊழியர் இல்லாத சங்கத்துக்கு எடம் கெடையாது மாமா. ஊழியரையும் தொட்டியில கையை வுட்டு எடுத்துப் பாருங்க.”

“எங்க கூரையெல்லாம் இன்னாடி ஆவறது?”

அந்தக் கேள்விதான் குத்தியது. அவருடைய வீட்டுக் கூரையும் எனக்குத் தெரியும். சமையலறை மூலையில் கம்பி வெளியே வந்து நிற்கிறது.

“கத்துக்கினு இருப்பேன். கூப்டுங்க, வர்றேன். தசரதன் பொண்ணுன்னு இல்ல, என் பேரைச் சொல்லிக் கூப்டுங்க. கூலி வாங்குவேன்.”

“படகை எவன் எடுக்கறான்னு பாக்கறேன்,” என்றார் உலகநாதன் அண்ணன். லோகேஷ் எழப் போனான். பக்கத்திலிருந்தவர் அவன் தோளில் கையை வைத்தார். அவன் உட்கார்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

படியிறங்கினேன். வீட்டுக்குப் போய்ச் சான்றிதழ்களையும் மாற்றுத்துணியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினேன். போகும்போது சுவரில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். ‘பொத்’ என்றது.

கரையில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வத்த நேரம். ஏரி எங்கேயோ உள்வாங்கிப் போயிருந்தது. வானமும் தண்ணீரும் சேர்கிற கோடே இல்லை. அக்கரைத் தென்னைகள் அந்தரத்தில் தொங்கின. எங்கள் தெரு வீடுகள் தலைகீழாகத் தண்ணீரில் நின்றன. அங்கே ஒரு கூரையிலும் விரிசல் தெரியவில்லை.

பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அழுதிருந்தாள், ஆனால் குரல் கெட்டியாக இருந்தது.

“நேரா போவாத பிரியா! எடது கைப் பக்கம் பள்ளம் கீது. நாரைங்க நிக்கிற எடமா பாத்து நட!”

திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். நாரைகள் நிற்கும் பக்கம் திரும்பி நடந்தேன். காலடியில் மணல் கெட்டியாக இருந்தது.